கால்நடை கேள்வி பதில்: மலை ஆட்டுக்கு என்ன தீனி?

கேள்வி: ஏற்காடு மலையில் 18 சேலம் கருப்பு ஆடுகள் வைத்திருக்கிறோம். மேய்ச்சல் இடமெல்லாம் உண்ணிச்செடி ஏறிவிட்டது. காப்பித் தோட்டத்துப் பக்கம் போனால் சண்டைக்கு வருகிறார்கள். எல்லாவற்றையும் விற்றுவிட்டு, வடநாட்டு ஜமுனாபாரி ஆடு நாலு வாங்கிக் கட்டிப்போட்டு வளர்க்கலாம் என்கிறான் என் மகன். செய்யலாமா ஐயா?
- ஒரு வாசகி, சேர்வராயன் மலை

பதில்: உங்கள் மகன் கோபித்துக்கொண்டாலும் சரி, வேண்டாம் அம்மா. நான் கால்நடை ஆய்வாளராக இருந்தபோது உங்கள் மலையிலேயே ஒரு வீட்டுக்கு ஜமுனாபாரிக் கிடா வாங்கச் சொன்னவன். ஐப்பசி மழையில் மூக்கு ஒழுகி, நெஞ்சில் சளி கட்டி, பதினோராம் நாள் செத்துப்போனது. அந்த வீட்டு அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. காலிக் கயிற்றை மட்டும் எடுத்து ஆணியில் மாட்டினார்.

கருப்பு ஆடு நம் சேலம், தருமபுரிப் பக்கத்து வறட்சிக்கும் கரட்டுக்கும் பழகியது. குறை ஆட்டில் இல்லை, இலையில்தான். முன்பு தோட்டங்களில் நிழலுக்குக் கல்யாண முருங்கையும் பலாவும் நிறைய நின்றன. கவாத்து செய்த கிளை ஆட்டுக்கு வந்தது. இப்போது எங்கே பார்த்தாலும் சில்வர் ஓக். மிளகு ஏற்றலாம், மரமாக விற்கலாம். ஆடு மோந்துகூடப் பார்க்காது. தோட்டக்காரரையும் குறை சொல்ல மாட்டேன், காப்பி நாற்றை ஆடு கடித்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

கோடை மழை விழுந்ததும் கைத் தடிமனில் கல்யாண முருங்கைக் கிளை வெட்டி வேலியோரம் நடுங்கள். முதல் வருஷம் ஒடிக்க வேண்டாம். அப்புறம் மாற்றி மாற்றி ஒடித்து, பலா இலையோடு கலந்து கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதித்துவிட்டுத் தின்னாது, தெரியுமே!

உண்ணிச்செடியை மேலாக வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். காய் பிடிக்கும் முன் மண்ணுக்குள் நாலு விரல் தோண்டி, வேரை அறுத்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள். பசியில் அதைத் தின்ற ஆடு தீனி எடுக்காமல் நிழலிலேயே ஒதுங்கி நிற்கும். இமையை விலக்கிப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வனத்தில் மேய்க்கும் உரிமைக்கு 2006 வன உரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. கிராம சபையில் மனு கொடுங்கள்.

தீனி தேறும்வரை 18-ஐ 12 ஆக்குங்கள். விற்கும்போது வியாபாரி இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துச் சொல்லும் விலைக்குத் தலையாட்டாதீர்கள். தராசில் நிறுத்துக் கொடுங்கள்.