கிராஃபீன் பேட்டரி போட்டா பனி தாங்குமா?

கேள்வி: ஊட்டி பக்கத்துல தலைகுந்தால இருக்கேன் சார், எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டுறேன். டிசம்பர், ஜனவரி வந்துட்டா சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. கிராஃபீன் பேட்டரி மாத்துங்க, உறைபனியெல்லாம் ஒண்ணும் பண்ணாதுன்னு கடைல சொல்றாங்க, விலை டபுள். நம்பலாமா?

பதில்: அவசரப்பட்டு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. இப்ப இருக்கிறது லித்தியம் பேட்டரின்னா அதுல ஒரு பக்கம் ஏற்கெனவே கிராஃபைட்தான், பென்சில்ல இருக்குற அதே சரக்கு. நம்ம ஊர் வர்க்கியப் பிச்சா ஏடு ஏடா வரும்ல, அந்த மாதிரி கார்பன் ஏடு மேல ஏடா அடுக்கியிருக்கும், ஒரு மில்லிமீட்டர் தடிமன்ல சுமார் 30 லட்சம் ஏடு. ஒரு ஏட்டுக்குள்ள அணுக்கள் செம இறுக்கம், ஆனா ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவுல பிடிப்பு ரொம்ப லேசு, அதான் பென்சில் வழுக்கிட்டு எழுதுது. சார்ஜ் போடும்போது லித்தியம் போய் அந்த இடுக்குலதான் உக்காரும், 6 கார்பனுக்கு 1 லித்தியம் கணக்கு. குளிர்ல அது உள்ள நுழையறதே மெதுவாயிடும். 0 டிகிரிக்குக் கீழ போனப்புறம் சார்ஜ் போட்டீங்கன்னா உள்ள போகாம வெளியிலயே உலோகமா படிஞ்சுடும், அப்புறம் அதுல ஒரு பங்கு திரும்பி வராது, ஷார்ட் ஆகவும் வாய்ப்பிருக்கு.

அந்த ஒத்தை ஏட்டை மட்டும் தனியா உரிச்சா அதான் கிராஃபீன். 2004ல மான்செஸ்டர்ல ஆண்ட்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவசெலோவ் ரெண்டு பேரும் செல்லோடேப்ப ஒட்டி ஒட்டிப் பிச்சே எடுத்துக் காட்டினாங்க, 2010ல நோபல். (நானும் வீட்ல பென்சில் முனைய வச்சு ட்ரை பண்ணேன், கை கருப்பானதுதான் மிச்சம்.) செம்பைவிட பல மடங்கு நல்லா சூடு கடத்தும், கரண்டும் பிரமாதமா ஓடும், எல்லாம் நிஜம்தான், ஆனா அதெல்லாம் ஒத்தை ஏட்டோட பெருமை. கடைல கிராஃபீன்னு வர்றது பெரும்பாலும் பல ஏடு ஒட்டின தூள், கரண்ட் லேசா ஓடட்டும்னு கொஞ்சூண்டு கலக்கறது. மத்தபடி உள்ள அதே லித்தியம், சிலதுல பழைய லெட் ஆசிட்டேதான்.

அதனால பேர விட்டுட்டு, உள்ள என்ன செல், எத்தனை டிகிரி வரைக்கும் சார்ஜ் போடலாம்னு ஸ்பெக் ஷீட்ல காட்டச் சொல்லுங்க. அதுவரை சாயங்காலம் வீடு வந்ததுமே, ஓடின சூடு ஆறுறதுக்குள்ள சார்ஜ் போட்டுடுங்க, விடியக்காலைல வெளில நிக்கிற வண்டிக்கு வேண்டாம். கழட்டுற பேட்டரின்னா ராத்திரி வீட்டுக்குள்ள கொண்டு வந்துடுங்க, கணப்புச் சட்டி பக்கத்துல மட்டும் வச்சுடாதீங்க.