வாட்டர் பிளாக்: லேத் பட்டறையிலிருந்து சில பதில்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மகனின் கணினிக்கு ஒரு வாட்டர் பிளாக்கை நானே செய்து மாட்டினேன். ப்ராசசரின் தலைமேல் உட்கார்ந்து, உள்ளே ஓடும் தண்ணீரிடம் சூட்டை ஒப்படைக்கும் செம்புப் பெட்டி அது. மூன்று கோடையைப் பார்த்துவிட்டது. இதற்குத் தமிழில் 'நீர்க்கட்டி' என்று பெயர் வைத்துப் பார்த்தேன். வீட்டில் உடனே டாக்டரிடம் போகச் சொன்னார்கள். எனவே வாட்டர் பிளாக் என்றே இருக்கட்டும். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, அலுமினியம் விலை குறைவு, அறுக்கவும் எளிது. செம்புதான் வேண்டுமா? (கல்லூரி மாணவர், சூரமங்கலம்)

சூட்டைக் கடத்துவதில் ஒவ்வொரு உலோகத்துக்கும் ஓர் எண் உண்டு; எண் கூடக் கூட நல்லது. செம்பின் எண் சுமார் 400. சுத்தமான அலுமினியம் 237, பித்தளை 110 முதல் 120. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெறும் 15. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செய்யும் நம் சேலம் உருக்காலையின் பெருமை இந்த இடத்தில் செல்லாது, தம்பி. எண்ணைவிடப் பெரிய வில்லங்கம் வேறு. தண்ணீர் சுமந்து வரும் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டர் செம்பிலும், பிளாக் அலுமினியத்திலும் இருந்து ஒரே தண்ணீர் இரண்டிலும் ஓடினால், அது ஒரு பேட்டரி போல வேலை செய்யும். அரித்துப்போவது அலுமினியம். எல்லாமே அலுமினியம் அல்லது எல்லாமே செம்பு, பித்தளை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. வெள்ளியிலேயே செய்தால் இன்னும் நன்றாக இருக்காதா?

வெள்ளியின் எண் 429. நூற்றுக்கு ஏழு கூடுதல், அவ்வளவுதான். அதற்காக வெள்ளியை உருக்க வேண்டாம். உங்கள் பட்டறையில் எனக்குப் பொறாமை தருபவை ஊதுகுழலும் வெங்காரமும்தான். பிளாக்கின் சுவரையும் மூடியையும் பற்றவைக்க அவை வேண்டும். சால்டரிங் அயர்னைச் செம்புக் கட்டியின்மேல் வைத்தால், வைத்த சூடு வைத்த இடத்தில் நிற்காது. பொடி வைத்து ஊதத் தெரிந்தவருக்கு இது பத்து நிமிட வேலை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சிவக்கக் காய்ந்த செம்பு இளகிவிடும், அடிப்பக்கம் லேசாக வளையவும் செய்யும். ஆகவே அடியைத் தேய்த்துச் சமமாக்குவது ஊதி முடித்த பிறகுதான்.

உலோகத்தில் பள்ளம் வெட்டும் மில்லிங் மிஷின் இல்லாதவர் என்ன செய்வது?

நானும் முதலில் மில்லிங் இல்லாமல்தான் செய்தேன். 50-க்கு 50 மில்லிமீட்டரில், 8 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு செம்புத் துண்டு. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கியது. ஹேக்ஸா பிளேடால் 2 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கோடு கோடாக அறுத்தேன். அடியில் 3 மில்லிமீட்டர் மிஞ்சும். செம்பு பிசுபிசுத்துப் பற்களை அடைக்கும். நாலு இழுப்புக்கு ஒருமுறை மண்ணெண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதிலேயே போயிற்று.

பிறகு வயலுக்குப் பாத்தி கட்டுகிற கணக்குதான். இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு வாய்க்கால் அரமிட்டு எடுத்தால், ஒரு குழாயில் வரும் தண்ணீர் எல்லாக் கோடுகளுக்கும் பிரிந்து போய், மறுமுனையில் ஒன்றுசேர்ந்து வெளியேறும். நான்கு பக்கமும் செம்புத் தகட்டால் சுவர், மேலே ஒரு மூடி. மூடி கோடுகளின் தலையைத் தொட்டபடி உட்கார வேண்டும். இடைவெளி விட்டால் தண்ணீர் கோடுகளுக்குள் இறங்காமல் மேலாகவே ஓடிவிடும்.

கோடு எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. 1981-இல் ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மேன், பீஸ் என்ற இருவர் சிலிக்கானில் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) அகலத்தில் வாய்க்கால் வெட்டி, ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 790 வாட் சூட்டை எடுத்துக் காட்டினார்கள். நம் ஹேக்ஸாவின் அகலம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். வீட்டுக் கணினிக்கு அது போதும்.

அடிப்பக்கத்தைக் கண்ணாடிப் பலகைமேல் 400, 800, 1200 எண் உப்புத்தாள்களை வரிசையாக வைத்து, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். லைசென்ஸுக்கு எட்டுப் போடுவதுபோல எட்டுப் போட்டுத் தேய்த்தால் ஒரு பக்கம் சாயாது. முகம் தெரிய வேண்டியதில்லை. ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் ஒளி கசியக்கூடாது.

ஏர்கூலர் பம்ப் போடலாமா? நிறைய தண்ணீர் தள்ளுமே?

நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே, 100 வாட் சூடு அந்தத் தண்ணீரை 1.4 டிகிரிதான் ஏற்றும். மேலும் தள்ளி என்ன பயன்? 230 வோல்ட் பம்பைத் தண்ணீருக்குள் முக்கி, அந்தத் தண்ணீரைக் கணினிக்குள் சுற்றவிடும் துணிச்சல் எனக்கு இல்லை. 12 வோல்ட் பம்ப் வாங்குங்கள்.

சேலத்து மே மாதத்தில் இது தாங்குமா? (அம்மாப்பேட்டை வாசகி)

உங்கள் அறையில் 39 டிகிரி என்றால், எத்தனை பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் தண்ணீர் 39-க்குக் கீழே இறங்காது. பிளாக் சூட்டை இடம் மாற்றுகிறது, குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. ரேடியேட்டரை ஜன்னலோரம் வைத்து, கணினி கக்கும் சூடான காற்று திரும்ப அதற்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது ஏற்காடு. பனிமூட்ட நாளில் குழாய் வேர்த்து போர்டு நனையுமா?

நனையாது. அறைக் காற்றைவிடக் குளிர்ந்த பொருள்தான் வேர்க்கும். உங்கள் தண்ணீர் எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால் ரேடியேட்டர் ஃபேன் எடுத்துப்போகும் சூடு கொஞ்சம் குறையும். கீழே வெந்துகொண்டிருக்கும் எங்களிடம் அதைக் குறையாகச் சொல்லாதீர்கள்.

போர் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. உப்பு படிந்து கோடுகள் அடைத்துக்கொள்ளும். டிஸ்டில்டு வாட்டர் போதும்.

கசிந்தால்?

எனக்குக் கசிந்தது. முதல் பிளாக்கை இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்து, சொட்டு இல்லை என்று மாட்டிவிட்டேன். இரண்டாம் நாள் இரவு குழாய் சூட்டில் இளகி, கிளிப்புக்கு அடியிலிருந்து ஊறி, கிராபிக்ஸ் கார்டின்மேல் நேராக இறங்கியது. கார்டு போனதுதான். இப்போதெல்லாம் போர்டில் எதையும் இணைக்காமல், பவர் சப்ளையின் 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் சேர்த்து, போர்டு இல்லாமலே பவர் சப்ளையை ஓட வைத்து, பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிடுகிறேன். அடியில் பழைய செய்தித்தாள் விரித்திருப்பேன். ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் காலையில் தாளை முதலில் பார்ப்பது மகன்தான். என்னை நம்புவதில்லை.