மலையில் ராத்தங்கல்: ஸ்லீப்பிங் பேக், மேட் பற்றிய கேள்வி பதில்

டென்ட் போட்டுக் காட்டிலும் மலையிலும் தங்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பாதிக் கேள்விகளுக்கு அடியில் ஒரே விஷயம்தான் கிடக்கிறது: ஸ்லீப்பிங் பேக் என்கிற படுக்கைப் பையை மாதக்கணக்கில் அலசி வாங்குகிறார்கள், அதற்கு அடியில் விரிக்கிற மேட்டில் மட்டும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: என் பையில் மைனஸ் 5 டிகிரி என்று போட்டிருக்கிறது. வெளியே 0 டிகிரிதான், ஆனாலும் விடிய விடிய நடுங்கினேன். ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை, ஆனால் அந்த மைனஸ் 5 எந்த எண் என்று லேபிளில் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற சர்வதேசத் தர முறைப்படி சோதித்த பைக்குப் பல எண்கள் உண்டு. கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் உடம்பைத் தளர்த்திப் படுத்து நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. லோயர் லிமிட் என்பது சராசரி ஆண் ஒருவர் கைகாலை மடக்கிச் சுருண்டு படுத்தால் சமாளிக்கக்கூடிய எல்லை. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்புவதற்கான எண், அதை நம்பி யாரும் கிளம்பக் கூடாது. பெயரோடு பெரிதாக அச்சடிப்பது பெரும்பாலும் லோயர் லிமிட்டைத்தான், கம்ஃபர்ட் அதைவிட 5, 6 டிகிரி மேலே இருக்கும். அப்படிப் பார்த்தால் உங்கள் பை 0 டிகிரிக்கே விளிம்பில் நிற்கிறது. நீங்கள் ஆணோ பெண்ணோ, கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். அப்புறம் இன்னொன்று, அந்தச் சோதனையில் சூடேற்றிய பொம்மைக்கு உள்ளாடையும் சாக்ஸும் மாட்டி, மேட் மேல் படுக்க வைத்துத்தான் அளக்கிறார்கள். நீங்கள் எதன் மேல் படுத்தீர்கள்?

கேள்வி: யோகா மேட் மேல்.

சரி, நடுக்கத்துக்குப் பெரிய காரணம் அதுதான். பையின் சூடு துணியில் இல்லை, உள்ளே உப்பி நிற்கிற இழைகளுக்கு நடுவே அசையாமல் இருக்கிற காற்றில் இருக்கிறது. நீங்கள் படுத்ததும் முதுகுக்கும் இடுப்புக்கும் கீழே இருக்கிற இழை அடைப்பு நசுங்கித் தகடாகிவிடும், அங்கே காற்றே இல்லை. எத்தனை விலை உயர்ந்த பையாக இருந்தாலும் அடிப்பக்கம் இதே கதைதான், அந்த இடத்தில் உங்களுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது மேட் ஒன்றுதான்.

உங்கள் சூடு தரைக்குப் போவதை மேட் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஆர்-வேல்யூ என்ற எண் இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்து போட்டது. 2018-ல் ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற பொது முறை வந்த பிறகு, அதன்படி அளந்த மேட்டுகளை ஒன்றோடொன்று தைரியமாக ஒப்பிடலாம். கோடைக்கு 1 முதல் 2, குளிர் எட்டிப் பார்க்கும் வசந்தம், இலையுதிர் இரவுகளுக்கு 3 முதல் 4, பனித்தரைக்கு 5-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம், 2 உள்ள ஃபோம் மேல் 3 உள்ள காற்று மேட் என்றால் 5. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் மேட்டைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

கேள்வி: ஃபோம் மேட்டா, காற்றடைக்கும் மேட்டா?

ஃபோம் ஓட்டையாகாது, மலிவு, முதுகுப்பைக்கு வெளியே கட்டிக்கொள்ளலாம், நடுவழியில் பாறை மேல் விரித்து உட்காரலாம். ஆனால் அதன் ஆர்-வேல்யூ பெரும்பாலும் 2-ஐ ஒட்டியே நிற்கும், ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இடுப்பெலும்பு தரையில் இடிக்கும். காற்று மேட் மெத்தென்று இருக்கும், சின்னதாக மடியும். ஆனால் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள்: உள்ளே இழையோ, வெப்பத்தைத் திருப்பியனுப்பும் படலமோ இல்லாத மேட்டில் காற்று சுற்றிச் சுற்றி வந்து உங்கள் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே தங்கும், காற்றை அடைத்து உள்ளே தள்ளும் பம்ப் பையால் ஊதுங்கள்.

ஓட்டை விழுந்தால் பதறாதீர்கள். மேட்டை இறுக்கமாக ஊதி, கன்னத்தைக் கிட்டே வைத்து மெதுவாக நகர்த்துங்கள், காற்று படும். தெரியவில்லையா, சோப்புத் தண்ணீர் தடவினால் ஒரே இடத்தில் நுரைக்குமிழ் வளர்ந்துகொண்டே போகும். பேனாவால் வட்டம் போட்டு, துடைத்துக் காயவைத்து, அப்புறம் ஒட்டுங்கள். ஈரத்தின் மேல் ஒட்டுப்போட்டால் நடுராத்திரி கழன்றுவிடும்.

கேள்வி: டவுன் பை 800 ஃபில் பவர் என்கிறார்கள். 650-ஐவிட அதுதானே சூடு?

இல்லை. டவுன் என்பது வாத்து போன்ற பறவைகளின் மெத்தென்ற உள்ளிறகு. ஃபில் பவர் அதன் தரத்தைச் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை. ஒரு அவுன்ஸ் டவுன் எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பதுதான் அது. 800-ல் 300 கிராம் அடைத்த பையைவிட, அதே அளவு, அதே வடிவத்தில் 650-ல் 500 கிராம் அடைத்த பை அதிகச் சூடு தரும், எடைதான் கூடும். ஆகவே எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். டவுன் நனைந்தால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு உப்பாமல் போய்விடும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். விடாமல் மழை பெய்கிற இடத்துக்கு செயற்கை இழை அடைத்த சிந்தெடிக் பையே மேல், கனத்தாலும் பரவாயில்லை.

கேள்வி: அகலமான பை வாங்கலாமா? உடம்போடு ஒட்டிக் கால் பக்கம் குறுகும் மம்மி வடிவம் மூச்சுமுட்டுகிறது.

புரண்டு படுப்பவர் என்றால் தோள் அகலம் கூடுதலாக எடுங்கள், தப்பில்லை. ரொம்பப் பெரிதானால் உள்ளே இருக்கிற வெற்றிடத்தையும் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும். ரொம்ப இறுக்கமானால் முழங்காலும் தோளும் அடைப்பை நசுக்கும்.

கேள்வி: இருக்கிற துணியெல்லாம் போட்டுக்கொண்டு, தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கலாமா?

துணி போடலாம், காய்ந்ததாகவும் பையை நசுக்காததாகவும் இருந்தால் போதும். வியர்வையில் நனைந்த பனியனோடு மட்டும் படுக்காதீர்கள். தலையை உள்ளே இழுக்கவே வேண்டாம். ராத்திரி முழுக்க விடுகிற மூச்சின் ஈரம் பைக்குள்ளேயே இறங்கி, மூன்றாம் நாள், நான்காம் நாள் பை தொய்ந்துவிடும். பையின் தலைக்குல்லாவைப் போட்டுக் கயிற்றை இழுத்து மூக்கும் வாயும் மட்டும் வெளியே இருக்கட்டும். படுக்குமுன் ஏதாவது சாப்பிடுங்கள், சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். ஒழுகாத பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸில் சுற்றித் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டால் பெரிய ஆறுதல்.

கேள்வி: வீட்டில் எப்படி வைப்பது?

பயணத்தில் அழுத்தி அடைக்கும் சின்ன உறையில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், உப்பல் போய்விடும். பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போடுங்கள், அல்லது அலமாரியில் தொங்கவிடுங்கள். காற்று மேட்டை வால்வைத் திறந்து, விரித்தபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.