மெல்பர்ன் திராட்சைக் குச்சியை அடிலெய்டுக்குக் கொண்டுபோகலாமா?

எட்டு வருஷமாகக் கொல்லையில் வளர்த்த பன்னீர் திராட்சையை விட்டுப் போக மனசில்லை, அடிலெய்டுக்கு வீடு மாறும்போது நாலு குச்சி வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் காரில் எடுத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். குச்சி மட்டுமில்லை, பறித்த பழத்தையும் மண் ஒட்டிய மண்வெட்டியையும்கூட இஷ்டத்துக்கு, அடிலெய்டு இருக்கும் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் கொண்டுபோகச் சட்டம் விடாது.

எல்லாம் ஃபிலாக்சரா என்ற பூச்சியால் வந்தது. அசுவினிக்குச் சொந்தக்காரன், ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், மஞ்சள் நிறம், வேரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். இளவேரின் நுனியை லென்ஸ் வைத்துப் பார்த்தால் கொக்கி மாதிரி வளைந்து வீங்கியிருப்பது தெரியும். மேலே கொடி சில வருஷம் நன்றாகவே இருக்கும், அதனால்தான் "என் கொடிக்கு ஒரு நோயும் இல்லையே" என்று நம்பி எடுத்துப் போகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயம்.

1832இல், ஆஸ்திரேலியத் திராட்சை வளர்ப்பின் முன்னோடி ஜேம்ஸ் பஸ்பி ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் சேகரித்த நூற்றுக்கணக்கான வகைக் கொடிகள் சிட்னிக்கு வந்து சேர்ந்தன. அப்புறம் 1840களில் மெல்பர்னுக்குப் பக்கத்து ஜீலாங்கில் சுவிஸ் குடியேறிகள் தோட்டம் போட்டார்கள், ஒயின் வியாபாரமும் செழித்தது. 1877இல் அங்கே ஃபிலாக்சரா பிடிபட்டது. அரசே உத்தரவு போட்டுக் கொடிகளைப் பிடுங்க வைத்தது, முப்பது வருஷ உழைப்பு போய்விட்டது. அப்படியும் பூச்சி நிற்கவில்லை, 1893இல் பெண்டிகோ, 1899இல் ரதர்க்ளென் என்று விக்டோரியா மாநிலத்தின் மற்ற ஊர்களிலும் தென்பட்டது. மெல்பர்னை ஒட்டிய யாரா பள்ளத்தாக்கில் 2006இல்கூடக் கண்டுபிடித்தார்கள்.

தெற்கு ஆஸ்திரேலியா 1899லேயே இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து எல்லையைக் காத்தது. பலன், அடிலெய்டுக்குப் பக்கத்து ஒயின் பள்ளத்தாக்கான பரோசாவில் 1843இல் நட்ட ஷிராஸ் என்ற ஒயின் திராட்சைக் கொடிகள் சொந்த வேரிலேயே இன்றும் காய்க்கின்றன. பிரான்ஸின் தோட்டங்களில் பெரும்பகுதியை இதே பூச்சி அழித்த பிறகு அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் அவர்கள் மீண்டார்கள், ஏனென்றால் பூச்சியின் ஊர் வட அமெரிக்கா, அந்த ஊர்க் கொடியின் வேர் அதைத் தாங்கும். பரோசாவின் பழைய வேருக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. அவற்றை அழிக்க ஒரு காரில் போகும் நாலு குச்சி போதும்.

சரி, உங்கள் பன்னீர் திராட்சைக்கு வழி இருக்கிறது. அதன் பெயர் மஸ்கட் ஹம்பர்க். அடிலெய்டு நர்சரியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், உள்ளூரில் உற்பத்தியான கன்றா என்றும் விசாரியுங்கள். குளிர்காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, இலையுதிர்ந்த வெறும் வேர்க் கன்றாகவே விற்பார்கள், நடவும் அதுதான் நல்ல நேரம். கிளம்பும் முன் தோட்டத்து பூட்ஸ், மண்வெட்டி, தொட்டி எல்லாவற்றையும் மண் போகத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து ஏற்றுங்கள். கொடி வைத்திருந்த தொட்டி மண்ணை மெல்பர்னிலேயே விட்டுவிடுங்கள்.