டாக்டர் ஆக வேண்டுமென்றால் பயாலஜிதான் எடுக்க வேண்டுமா?

நியூஜெர்சியில் பன்னிரண்டாவது படிக்கும் மகளுக்கு மெடிக்கல் ஸ்கூல் போக ஆசை, அவளுக்குப் பிடித்த பாடம் சைக்காலஜி, தெரிந்தவர்களோ பயாலஜி எடு, இல்லையென்றால் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடு என்கிறார்கள், எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சைக்காலஜியிலேயே சேரட்டும். நான் கல்லூரியில் வரலாறு மேஜர் (முதன்மைப் பாடம்) செய்துவிட்டு இப்போது இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சியில், அதாவது மெடிக்கல் ஸ்கூலுக்குப் பிந்தைய ஆஸ்பத்திரிப் பயிற்சியில், இருப்பவள், அதனால் கொஞ்சம் என் கட்சிக்காகப் பேசுவேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

ஊரில் பிளஸ் டூ, நீட், நேரே எம்பிபிஎஸ் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே முதலில் குழப்புவது ப்ரீ-மெட் (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயாராவது) என்ற சொல்தான். பெரும்பாலான கல்லூரிகளில் அப்படி ஒரு மேஜரே கிடையாது. நாலு வருடப் பட்டத்தை எதில் வேண்டுமானாலும் வாங்கலாம், கூடவே மெடிக்கல் ஸ்கூல்கள் கேட்கும் பாடங்களை முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பொதுவாகக் கேட்பது பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் (இவை லேபோடு), பயோகெமிஸ்ட்ரி, ஆங்கிலம், கொஞ்சம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். ஸ்கூலுக்கு ஸ்கூல் கொஞ்சம் மாறும். ஏபி கிரெடிட்டை (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடங்களுக்குக் கிடைப்பது) வைத்து இதில் எதையாவது தாண்டிவிடலாம் என்று நினைத்தால் ஜாக்கிரதை, எல்லா மெடிக்கல் ஸ்கூலும் அதை ஏற்பதில்லை.

இந்தப் பாடங்களை வரலாறு படிப்பவளும் எடுக்கத்தான் வேண்டும், பயாலஜி படிப்பவளும் எடுக்கத்தான் வேண்டும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி யாருக்கும் தயவு காட்டாது. அப்புறம் எம்கேட் என்ற மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு. 472லிருந்து 528 வரை மதிப்பெண், இடைவேளைகளோடு சேர்த்து ஏழரை மணி நேரம். 2015இல் அதை மாற்றி அமைத்தபோது சைக்காலஜி, சோஷியாலஜிக்கு என்று தனிப் பகுதியே வந்துவிட்டது, அதாவது நாலில் ஒரு பங்கு மதிப்பெண். உங்கள் மகளுக்குப் பிடித்த பாடம் அங்கேயே கை கொடுக்கும். இன்னொரு பகுதியில் அறிவியலே கிடையாது, நீளமான கட்டுரைப் பத்திகளைக் கொடுத்து வாசித்துப் பதில் சொல்லச் சொல்வார்கள். என்னோடு படித்த பயாலஜிக்காரர்கள் பலர் திணறியது அதில்தான்.

யாரும் விளக்கமாகச் சொல்லாத விஷயம் ஜிபிஏ (கல்லூரி மதிப்பெண் சராசரி) கணக்கு. ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் மொத்த ஜிபிஏ ஒன்று, பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நாலையும் மட்டும் சேர்த்து அறிவியல் ஜிபிஏ ஒன்று என்று தனித்தனியாகப் போடுவார்கள். ஒரு பாடத்தில் சி வாங்கிவிட்டுத் திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் இரண்டுமே கணக்கில் வரும், கல்லூரி பழையதை அழித்துவிட்டது என்றாலும் இவர்கள் அழிக்க மாட்டார்கள். இன்ஜினியரிங் பாடங்கள் பெரும்பாலும் இந்த அறிவியல் கணக்கில் சேராது. ஆக, தெர்மோடைனமிக்ஸில் ராத்திரி பகலாக மாய்ந்து ஒரு பி வாங்கினால் அது மொத்த ஜிபிஏவை இழுக்கும், அறிவியல் ஜிபிஏவுக்கோ ஒரு உதவியும் செய்யாது. 'பாவம், இன்ஜினியரிங் கஷ்டம்' என்று இரக்கப்பட்டு யாரும் அதிகம் விட்டுக்கொடுப்பதும் இல்லை. இன்ஜினியரிங்கே உயிர் என்பவர்கள் எடுக்கட்டும், நல்ல படிப்புதான். டாக்டர் ஆவதற்குப் பாதுகாப்பான வழி என்று நினைத்து அதைப் பிள்ளை தலையில் கட்டாதீர்கள்.

சைக்காலஜிக்கும் இதே கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. சைக்காலஜி பாடங்களும் அறிவியல் ஜிபிஏவில் சேராது, அதனால் அந்த எண் கொஞ்சம் பாடங்களின் மேல் மட்டுமே நிற்கும், முதல் வருடக் கெமிஸ்ட்ரியில் ஒன்று சறுக்கினால் பலமாக அடிக்கும். பயாலஜி மேஜருக்கு அதைச் சரிக்கட்ட இன்னும் நிறையப் பாடங்கள் இருக்கும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கணக்காகவும் நியூரோசயின்ஸ் பயாலஜியாகவும் சேரும் என்பதால் அவள் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் ஒரு மைனர் (துணைப் பாடம்) வைத்துக்கொண்டால் நல்லது. மெடிக்கல் ஸ்கூல் கிடைக்காமல் போனால் வேலைக்கும் அதுதான் உதவும், ஏனென்றால் வெறும் இளநிலைப் பட்டத்தை வைத்துப் பார்த்தால் பயாலஜி, சைக்காலஜி இரண்டுமே வேலைச் சந்தையில் சுமார்தான்.

சேர்க்கை விவரங்களை ஏஏஎம்சி என்ற மெடிக்கல் ஸ்கூல்களின் சங்கம் வருடா வருடம் மேஜர் வாரியாக வெளியிடுகிறது. விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கு மேல் பயாலஜி வகையறா. மொழி, வரலாறு, தத்துவம் படித்தவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் அவர்களில் இடம் கிடைப்பவர்களின் விகிதம் சற்றே கூடுதலாகவே இருந்து வருகிறது. இதைப் பார்த்து தத்துவம் எடுத்தால் சீட் நிச்சயம் என்று கிளம்பிவிட வேண்டாம், அந்தப் பக்கமிருந்து துணிந்து வருபவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவர்கள். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மெடிக்கல் ஸ்கூல் 1987லேயே மொழி, வரலாறு, தத்துவம் போன்ற துறைகளில் படிக்கும் மாணவர்களை எம்கேட் இல்லாமல் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கியது. அவர்கள் மற்றவர்களுக்குச் சளைக்காமல்தான் படித்து வெளியே வந்தார்கள்.

என் விஷயத்தில் கஷ்டம் எங்கே என்றால் டைம்டேபிளில். மத்தியானம் முழுக்க ஆர்கானிக் லேப், அது முடிகிற நேரத்தில் வரலாற்று செமினார், கையில் அசிட்டோன் வாடையோடு ஓடிப்போய் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் இன்டர்வியூவில் பேச்சு முக்கால்வாசி என் ஆய்வுக் கட்டுரையைச் சுற்றியே போனது. கட்டுரை இதைப் பற்றியது: 1918 செப்டம்பர் 28 அன்று ஃப்ளூ பரவிக்கொண்டிருக்கும்போதே பிலடெல்பியாவில் போர்க்கடன் பத்திரம் விற்கப் பெரிய ஊர்வலம் நடத்தினார்கள், சுமார் 2 லட்சம் பேர் கூடினார்கள், சில நாட்களுக்குள் நகரத்து ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. அந்த ஊர்வலத்தை நிறுத்தும் அதிகாரம் உன் கையில் இருந்திருந்தால் மேலிடத்தில் என்ன சொல்லியிருப்பாய் என்று இன்டர்வியூ எடுத்த டாக்டர் கேட்டார். எனக்கு அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வரும்!

இனி நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் எச்-1பி வேலை விசாவிலும், மகள் அதைச் சார்ந்த குடும்ப விசாவான எச்-4இலும் இருந்தால், மேஜரைவிட அதுதான் பெரிய கேள்வி. 21 வயது ஆனதும் அவள் எச்-4இலிருந்து வெளியே வந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும், மெடிக்கல் ஸ்கூல் தொடங்குவது பெரும்பாலும் 22க்கு மேல். அப்போது கிரீன் கார்டு கையில் இல்லையென்றால், மழலையர் பள்ளியிலிருந்து இங்கேயே படித்தவள் என்றாலும் வெளிநாட்டு மாணவிதான். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் மெடிக்கல் ஸ்கூல்கள் குறைவு, மத்திய அரசின் கல்விக் கடன் கிடைக்காது, சில இடங்களில் ஒரு வருடம் முதல் நாலு வருடம் வரைக்குமான பணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் கட்டிக் காட்டச் சொல்வார்கள். இதை இப்போதே ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசுங்கள், மூன்றாம் வருடத்தில் பேசிப் பிரயோஜனமில்லை.

கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது 'எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு மெடிக்கல் சீட்' என்று சொல்வார்கள். சில கல்லூரிகள் ஜிபிஏ குறைந்தவர்களுக்குக் கமிட்டி கடிதம் (மெடிக்கல் ஸ்கூலுக்குக் கல்லூரி தரும் பரிந்துரைக் கடிதம்) தராமல் தயங்கவைத்து, விண்ணப்பித்தவர்களை மட்டும் வைத்து அந்தச் சதவீதத்தைச் சொல்கின்றன. கடிதம் எல்லோருக்கும் உண்டா, அதற்கு ஜிபிஏ வரம்பு இருக்கிறதா, முதல் வருடத்தில் ப்ரீ-மெட் என்று வந்தவர்களில் எத்தனை பேர் கடைசியில் விண்ணப்பிக்கிறார்கள் என்று அட்வைசிங் அலுவலகத்துக்கு உங்கள் மகளையே மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள், நீங்கள் போட வேண்டாம்.