கசாண்ட்ரா ஐந்து நாளில் திணறுகிறது: மெமரி லீக்கா, ஜிசி கோளாறா?

கேள்வி: ஆறு நோட் (சர்வர்) கொண்ட கசாண்ட்ரா 3.11 டேட்டாபேஸ் கிளஸ்டர், ஜாவா 8. ஒவ்வொரு சர்வரிலும் 64 ஜிபி ராம், அதில் 16 ஜிபி ஹீப் (ஜாவா ஆப்ஜெக்ட்களுக்கான மெமரி). ரீஸ்டார்ட் செய்தால் நான்கைந்து நாள் நன்றாக ஓடுகிறது. பிறகு ஜிசி (ஹீப்பில் குப்பை அகற்றும் வேலை) நடக்கும்போது எல்லாமே மூன்று, நான்கு விநாடி நின்றுவிடுகிறது. மெமரி லீக்தானா, அதாவது தேவையற்ற ஆப்ஜெக்ட்கள் விடுபடாமல் சேர்கின்றனவா? ஹீப்பை 32 ஜிபி ஆக்கலாமா? வாராவாரம் ரீஸ்டார்ட் போட்டுவிடலாமா?

பதில்: ஹீப்பை இப்போதைக்குத் தொடாதீர்கள். 32 ஜிபியைத் தொட்டதும் ஜாவா சுருக்கிய பாயின்டர்களை (ஆப்ஜெக்ட் இருக்கும் இடத்தைக் குறிப்பவை) கைவிடும். 4 பைட் எடுத்த ஒவ்வொரு பாயின்டரும் 8 பைட் கேட்கும். 31 ஜிபி ஹீப்பில் அடங்குவதைவிடக் குறைவாகவே 32 ஜிபியில் அடங்கும். எஸ்எஸ்டேபிள் (கசாண்ட்ராவின் டேட்டா) கோப்புகளைப் படிக்க உதவும், ஹீப்புக்கு வெளியே உள்ள பேஜ் கேஷுக்கும் இடம் சுருங்கும்.

லினக்ஸின் டாப் கட்டளை காட்டும் மெமரியை வைத்து லீக் என்று முடிவு கட்டாதீர்கள். எம்மேப் செய்த (மெமரியோடு இணைத்துப் படிக்கும்) கோப்புகளும் அந்தக் கணக்கில் சேரும். ஜிசி லாக்கைத் திறந்து, ஒவ்வொரு ஃபுல் ஜிசியும் (ஹீப் முழுவதையும் சுத்தம் செய்வது) முடிந்தபின் ஹீப்பில் மிஞ்சுவது எவ்வளவு என்று மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். நோயைச் சொல்வது அந்த அடிமட்டம்தான்.

அடிமட்டம் நாளெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றால் லீக் இல்லை. உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் இங்கேதான். 3.11 இயல்பாக சிஎம்எஸ் என்ற குப்பை கலெக்டரோடு வருகிறது. சிஎம்எஸ் குப்பையை எடுக்கும், ஆனால் காலியான இடங்களை ஒன்றுசேர்க்காது. நாளாக ஆக, நீண்ட நாள் வாழும் ஆப்ஜெக்ட்கள் இருக்கும் ஓல்ட் ஜெனரேஷன் பகுதி துண்டுதுண்டாகும். பெரிய ஆப்ஜெக்ட் ஒன்றுக்குத் தொடர்ச்சியான இடம் கிடைக்காதபோது, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒற்றை த்ரெட்டில் ஹீப் முழுவதையும் அடுக்கும். அந்த நான்கு விநாடி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். லாக்கில் ‘புரொமோஷன் ஃபெயில்ட்’ அல்லது ‘கன்கரன்ட் மோட் ஃபெயிலியர்’ என்று தேடுங்கள். கிடைத்தால், முதலில் ஒரே ஒரு நோடை ஜி1 கலெக்டருக்கு மாற்றி ஒரு வாரம் பாருங்கள். 16 ஜிபி ஹீப் அதற்குத் தாராளம்.

கலெக்டரை மாற்றினால் வலி குறையும். ஆனால் குப்பை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கசாண்ட்ராவின் நிர்வாகக் கருவியான நோட்டூலின் டேபிள்ஸ்டாட்ஸ் கட்டளையில் மிகப் பெரிய பார்ட்டிஷனின் (ஒரே கீயில் சேர்ந்த ரோக்களின் தொகுதி) அளவையும், ஒரு வாசிப்புக்கு எத்தனை டூம்ஸ்டோன் (அழித்ததைக் குறிக்கும் அடையாளம்) என்பதையும் பாருங்கள். 100 எம்பியைத் தாண்டிய பார்ட்டிஷனை காம்பாக்‌ஷன் (எஸ்எஸ்டேபிள்களை ஒன்றிணைப்பது) நேரத்தில் கசாண்ட்ராவே லாக்கில் எச்சரிக்கும். ஒரு கொயரி 1,000 டூம்ஸ்டோனைத் தாண்டினாலும் எச்சரிக்கும்; 1,00,000 தாண்டினால் கொயரியையே நிறுத்திவிடும். டேபிளை வரிசை போலப் பயன்படுத்தி, போட்டுப் போட்டு அழிப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அழித்த ரோவின் டூம்ஸ்டோன் இயல்பாகக் குறைந்தது 10 நாள் கிடக்கும், ஒவ்வொரு வாசிப்பும் அதை ஹீப்புக்குள் இழுத்து வரும். இதற்கு மருந்து டேட்டா மாடலில்தான்.

சரி, அடிமட்டம் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே போனால்? அது லீக். உங்கள் பதிப்பு 3.11.0 என்றால் வேறெதையும் தேடும் முன் மேம்படுத்துங்கள். அதில் பிட்ரீ பில்டர் என்ற உள் பகுதி த்ரெட்டுக்குள்ளேயே ஆப்ஜெக்ட்களைப் பிடித்து வைத்திருந்த லீக் ஒன்று இருந்தது, 3.11.1-இல் சரிசெய்தார்கள். அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால், ஜாவாவின் ஜேசிஎம்டி கருவி கொண்டு கிளாஸ் ஹிஸ்டோகிராமை (எந்த வகை ஆப்ஜெக்ட் எவ்வளவு என்ற பட்டியல்) இன்று ஒன்று, இரண்டு நாள் கழித்து ஒன்று என எடுத்து ஒப்பிடுங்கள். வளரும் கிளாஸ் தெரிந்தபின் ஹீப் டம்ப் (ஹீப்பின் முழு நகல்) எடுத்து, அதை அலசும் எக்லிப்ஸ் மேட் கருவியின் டாமினேட்டர் ட்ரீயில் அந்த ஆப்ஜெக்ட்களை எது பிடித்துவைத்திருக்கிறது என்று பாருங்கள்.

ஹிஸ்டோகிராம், டம்ப் இரண்டுமே எடுக்கும்போது நோடை உறைய வைக்கும். அதனால் முதலில் அந்த நோடில் கிளையன்ட் இணைப்பையும் காசிப்பையும் (நோட்கள் ஒன்றோடொன்று நிலையைப் பகிர்வது) நிறுத்திவிடுங்கள். விலகிய நோடுக்கான எழுத்துகளை மற்ற நோட்கள் ஹின்டாகச் சேர்த்துவைக்கும் இயல்பான அவகாசம் 3 மணி நேரம். அதற்குள் திரும்பச் சேர்த்துவிட வேண்டும். தாண்டினால் ரிப்பேர் (நோட்களின் டேட்டாவை ஒப்பிட்டுச் சரிசெய்யும் கட்டளை) ஓட்டியே ஆக வேண்டும். டம்ப் கோப்பில் வாடிக்கையாளர் தரவு அப்படியே இருக்கும், யாருக்கும் மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள்.

வாராந்தர ரீஸ்டார்ட்டைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒரு நோட் மட்டும், டிரெயின் செய்தபின் (மெமரியில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு). ஆனால் ஒரு நோடையாவது ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டுவையுங்கள். அதன் ஜிசி லாக் இல்லாமல் அடிமட்டம் ஏறுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.