நடந்துகொண்டே கேட்பவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மே மாதம் குடும்பத்துடன் ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு பூங்காவின் புல்வெளியில் மாலை நேரத்தில் நாதஸ்வரக் கச்சேரி நடந்தது; கேட்பதற்குக் கட்டணம் இல்லை. வித்துவான் அருமையாக வாசித்தார். ஆனால் பாதிப் பேர் நடந்துகொண்டும், பலூன் வாங்கிக்கொண்டும், செல்பேசியில் பேசிக்கொண்டும் இருந்தார்கள். எனக்கு மனம் நொந்துவிட்டது. இலவசமாகக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும், நூறு ரூபாயாவது கட்டணம் வைத்து அரங்குக்குள் நடத்தியிருந்தால் அந்தக் கலைஞருக்கு மரியாதையாக இருந்திருக்கும் என்று தோன்றியது. உங்கள் கருத்து என்ன? எட்டு வயதாகும் என் மகளோ அடுத்த ஆண்டும் போக வேண்டும் என்கிறாள்.

கே., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த மாலையில் குறை ஏதேனும் இருந்திருந்தால், அதற்குக் காரணம் கட்டணம் இல்லாததுதான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நடந்துகொண்டிருந்தவர்கள் வித்துவானை அவமதித்தார்கள் என்பதையும் ஏற்க முடியவில்லை.

நாதஸ்வரம் வீதிக்கென்று உருவான வாத்தியம். ஆச்சா மரத்தில் கடைந்த உடல், வாயில் வைத்து ஊதும், நாணலில் செய்த சீவாளி, அடியில் புனல்போல் விரிந்த அணசு எல்லாமே திறந்த வெளியில் தொலைவுக்குக் கேட்பதற்காக அமைந்தவை. சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசையைத் தொடங்கி, பிறகு வீதிமுனையில் நின்று ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசித்த காலத்தில், கேட்டவர்களில் பாதிப் பேர் திண்ணையிலும் மீதிப் பேர் நடந்துகொண்டும்தான் இருந்தார்கள். உண்மையான ரசிகர்கள் வித்துவானின் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி அடியெடுத்து வைத்து வீதி முழுக்க உடன் வருவார்கள். அவர்களுக்கு யாரும் சீட்டுக் கிழித்துக் கொடுக்கவில்லை. நாதஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளை போன்றவர்களால் நீளமும் கனமும் கூடிய பாரி என்ற நாதஸ்வர வகை பரவி, கூர்மையான உச்சக் குரல் கொண்ட திமிரி என்ற வகை பின்னால் போன பிறகுதான், உட்கார்ந்து கேட்கும் கச்சேரி இந்த வாத்தியத்துக்கு இயல்பாகப் பழகியது.

ஏற்காட்டிலேயே நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத மாலையில் இப்படியொரு புல்வெளியில் பூர்விகல்யாணி ராக ஆலாபனை நடந்துகொண்டிருந்தது. வாயிலருகே மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள், வித்துவான் மேல் ஷட்ஜம் என்ற உச்ச 'ச' ஸ்வரத்தில் போய் நின்றபோது, ஜல்லிக்கரண்டியை எண்ணெய்க்கு மேலே பிடித்தபடி அசையாமல் நின்றுவிட்டார். பஜ்ஜி கருகுகிறது என்று பக்கத்தில் இருந்த பையன் சொன்ன பிறகே திரும்பினார். கருகியவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டு, காத்து நின்றவரிடம், "அந்த நாயனம் முடியட்டும் கண்ணு, புதுசாப் போட்டுத் தாரேன்" என்றார். நூறு ரூபாய்ச் சீட்டும் மூடிய கதவும் இருந்திருந்தால் அந்த ஷட்ஜம் அவர் காதுக்கு வந்திருக்காது. காப்பித் தோட்டத்து வேலை முடிந்து வரும் குடும்பத்தில் நால்வர் என்றால் நானூறு ரூபாய். அவர்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அவமதிப்பு என்றால் என்ன என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். வேறோர் ஊரில், அதன் பெயர் வேண்டாம், ஆலாபனை முடிந்து கீர்த்தனையை எடுக்கப் போகும் நேரத்தில் ஒரு பிரமுகர் வந்துவிட்டார் என்பதற்காக வாசிப்பை நிறுத்தச் சொன்னார்கள். பொன்னாடையும் பேச்சுமாக நாற்பது நிமிடம் போயிற்று. அவ்வளவு நேரமும் அந்த வித்துவான் சீவாளி காய்ந்துவிடாதபடி அதை அவ்வப்போது வாயில் வைத்து நனைத்துக்கொண்டு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மறுபடி எழுந்து வந்தவரிடம் பத்து நிமிடத்தில் முடித்துவிடச் சொன்னார்கள். அன்று பலூன் வாங்கியவர்களால் அவருக்கு ஒரு குறையும் நேரவில்லை.

ஆகவே திருத்த வேண்டியது ஏற்பாட்டைத்தான். முதலில் ஒலி. திறந்த வெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லாததால், மேடைக்கு இருபுறமும் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி அலற விடுகிறார்கள். முன்வரிசைக்குக் காது வலிக்கிறது, பின்வரிசைக்கு நாயனம் தகர ஓசையாகச் சேர்கிறது. சிறிய பெட்டிகளைப் புல்வெளி நெடுகக் குறைந்த ஒலியில் வைத்தால் போதும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், 34 மீட்டர் தள்ளி நிற்கும் பெட்டிக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தவிலின் ஒவ்வொரு அடியும் இரட்டையாகக் கேட்கும். ஏரிக்கரையில் இன்னும் குறைத்தே வைக்கலாம். அந்தி சாய்ந்ததும் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக நிற்கும் நாட்களில், ஒலி கீழ்நோக்கி வளைந்து அக்கரை வரை தெளிவாகப் போகும். நூறு பேர் மட்டுமே என்றால் நாதஸ்வரத்துக்கு மைக்கே வேண்டாம். சென்னை மயிலாப்பூரில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் இளம் பாடகர்கள் மைக் இல்லாமல் பாடிய இலவசக் கச்சேரிகளே நடந்திருக்கின்றன. பாட்டுக்கே அது முடிகிறது.

அடுத்தது குளிர். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மே மாதத்திலும் மாலை குளிரும், பனிமூட்டமும் இறங்கும். குழலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தால் நாயனத்தின் சுருதி சற்று இறங்கும்; மின் சுருதிப்பெட்டியோ இருந்த இடத்திலேயே நிற்கும். ஈரத்தில் தவிலின் தோலும் தளரும். மேடைக்குப் பின்னால் குளிர்காற்றுப் புகாத ஓர் அறையும் வாசிப்பதற்கு முன் அரை மணி நேரமும் கலைஞர்களுக்குக் கட்டாயம் வேண்டும். ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடித்துவிட்டால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் இறங்க வேண்டியவர்கள் தவில் மட்டும் தனியாக ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் எழுந்து ஓட மாட்டார்கள். நீங்கள் கண்ட அந்த நடமாட்டத்தில் ஒரு பகுதி பேருந்தைப் பிடிக்கப் போனவர்களுடையதாகவும் இருக்கலாம்.

கேட்பவருக்கு இலவசம் என்பதால் வாசிப்பவரின் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. மரியாதையை அங்கேதான் பார்க்க வேண்டும். முழுத் தொகையையும் கச்சேரிக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். தவில்காரருக்கும், சுருதிக்காக ஒத்து ஊதுபவரோ தாளம் போடுபவரோ உடன் வந்தால் அவர்களுக்கும் சேர்த்தே.

மகளை அவசியம் அழைத்துப் போங்கள். ஒலிபெருக்கிக்கு எதிரே உட்காராமல், மேடையின் பக்கவாட்டில் தவில்காரரின் கைகள் தெரியும்படி பத்தடி தூரத்தில் உட்காருங்கள். விரல்களில் மாட்டியிருக்கும் கூடுகளைக் குழந்தைகள் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். நடுவில் அவள் எழுந்து ஓடினால் ஓடட்டும். முடிந்த பிறகு வித்துவானிடம் போய்ச் சீவாளியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். ஒரு ஸ்வெட்டரும் குடையும் கையில் இருக்கட்டும், மே மாதத்தில் அங்கே மாலை மழைக்கு நேரம் காலம் கிடையாது.